மாலைக் காய்ச்சலை மாத்திரையால் மறைக்காதீர்கள்

கேள்வி: அக்கா கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி எட்டு மாதம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ், நோயை எதிர்க்கும் டி செல்களைக் கொன்று எய்ட்ஸ் மாதிரி ஆக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயந்துபோய் இரண்டு வாரமாகப் பாதிதான் போடுகிறேன். சீந்தில் கஷாயமும் குடிக்கிறேன். கை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது, முகம் உப்பியிருக்கிறது. பத்து நாளாக மாலையில் லேசாகச் சுடுகிறது. பாரசிட்டமால் போட்டால் விட்டுவிடுகிறது.
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கடைசியாக எழுதிய அந்தக் காய்ச்சலுக்காக இன்றே உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டும் சாப்பிடுகிறவர் என்றால் பெரிய தொற்றுகூட 99 டிகிரியில் பதுங்கியிருக்கும். அதையும் பாரசிட்டமாலால் அமுக்கினால் எங்களுக்கு என்ன துப்பு மிஞ்சும்? பத்து நாள் மாலைக் காய்ச்சல் என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத் தேட வேண்டும். பக்கத்து கிளினிக்கில் தானாக மருந்து தொடங்கவும் விடாதீர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைச் சரித்துவிடும்.

எய்ட்ஸ் கதையை அழித்துவிடுங்கள். எச்.ஐ.வி. டி செல்களை அழிக்கிறது. டாக்ரோலிமஸ் அடக்கி வைக்கிறது. அந்நியத் திசுவைக் கண்ட டி செல், 'பெருகு' என்று தனக்கும் தன் கூட்டத்துக்கும் சொல்ல இன்டர்லூக்கின் 2 என்ற புரதத்தைச் சுரக்கும். அதற்கான கால்சினியூரின் என்ற நொதியை இந்த மருந்து தடுக்கிறது. செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மருந்தைக் குறைத்தால் விழித்துக்கொள்ளும். விழித்ததும் தாக்கப்போவது உங்கள் அக்கா கொடுத்த சிறுநீரகத்தை. அந்தத் தாக்குதல் பெரும்பாலும் வலிக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

சீந்திலை இன்றோடு நிறுத்துங்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதுவும் உங்களுக்கு ஆகாது. அதைக் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்களே 2021-இல் எழுதியிருக்கிறார்கள்.

நடுக்கம், முடி, முகம் எல்லாம் பெரும்பாலும் மருந்துகளின் வேலைதான்; ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைக் குறைத்ததை, மருத்துவர் திட்டுவாரோ என்று மறைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவதைப் பார்த்து, முழு மாத்திரையும் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிவிடுவார். விட்டதை ஈடுகட்ட நீங்களாக இரட்டிப்பாகவும் போடக்கூடாது; எப்படித் திரும்ப ஏற்றுவது என்பதை அவர் சொல்லட்டும். மருந்தின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையில் டாக்ரோலிமஸைப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு போங்கள்; ரத்தம் எடுத்தவுடன் போட்டுக்கொள்ளலாம்.