காரா, ரயிலா?

கேள்வி: எங்களுக்கு 9 வயதில் மகள், 4 வயதில் மகன். விடுமுறையில் ஒருநாள் நகரத்துக்குக் கூட்டிப்போய் அருங்காட்சியகமும் உயிரியல் பூங்காவும் காட்ட நினைக்கிறோம். கார்தான் வசதி, மூட்டை தூக்க வேண்டாம் என்கிறார் கணவர். மகளுக்கோ காரில் ஏறினாலே வாந்தி. ரயில் என்றால் கூட்டத்தில் சின்னவனைச் சமாளிப்பது எப்படி என்று பயமாக இருக்கிறது. எது நல்லது?

பதில்: ரயிலில் போங்கள். மகளின் வாந்தி ஒன்றே போதும், நான் அந்தப் பக்கம் சாய்வதற்கு. கார் வளைவதையும் குலுங்குவதையும் உள்காது உணர்ந்துகொண்டே இருக்கிறது. பின்சீட்டில் தாழ உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கோ முன்சீட்டின் முதுகுதான் தெரிகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். ரயிலில் திடீர் பிரேக்கும் வெட்டித் திருப்புவதும் குறைவு. இருந்தாலும் வண்டி போகும் திசையைப் பார்த்த ஜன்னலோரமாக மகளை உட்காரவையுங்கள். கையில் போன் வேண்டாம், தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு வரட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. காரில் ஓட்டுகிறவர் பிள்ளைகளோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். பின்னால் திரும்ப முடியாது, சண்டையை விலக்க முடியாது, நகரத்துக்குள் நுழைந்ததும் நிறுத்த இடம் தேடியே பாதித் தெம்பு போய்விடும். ரயிலில் அப்பாவும் முழுசாகக் கிடைப்பார். என் பேரன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, எதிரே வரும் ரயிலின் பெட்டிகளை எண்ணுவான். எண்ணி முடிப்பதற்குள் அது போய்விடும். உடனே தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, அடுத்த ரயிலுக்கு அவரையும் எண்ணச் சொல்வான். ஸ்டியரிங் பிடித்திருக்கும் தாத்தாவிடம் அது நடக்குமா?

சின்னவனைப் பற்றிய பயம் நியாயமானது. ஏறும்போது ஒருவர் முதலில், நடுவில் பிள்ளைகள், கடைசியில் மற்றவர், இறங்கும்போதும் அப்படியே. நடைமேடையில் ஓரத்திலிருந்து தள்ளி நில்லுங்கள், வேகமாகக் கடக்கும் ரயிலின் காற்றே குழந்தையைத் தடுமாற வைக்கும். உங்கள் போன் எண்ணை எழுதி அவன் சட்டைப்பையில் வையுங்கள். மகளுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ரயில் உன்னை விட்டுப் போய்விட்டால் நின்ற இடத்திலேயே நில், நாங்கள் திரும்பி வருவோம். நீ மட்டும் ரயிலில் மாட்டிக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே இரு.

அப்புறம், திரும்பி வரும் நேரம். உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருப்பது இங்கேதான். மாலையில் 4 வயதுக் குழந்தை கட்டாயம் தூங்கிவிடும். தூங்கும் பிள்ளையையும் பையையும் சுமந்து நிலையத்திலிருந்து வீடுவரை நடப்பது பெரும்பாடு. அதனால் ஊருக்கு வெளியே கார் நிறுத்த வசதியுள்ள நிலையம்வரை காரில் போய், அங்கிருந்து ரயில் ஏறுங்கள். கொஞ்ச தூரம்தானே என்று மடியில் வைத்துக்கொள்ளாமல் சின்னவனைக் குழந்தை இருக்கையிலேயே கட்டி உட்காரவையுங்கள். டிக்கெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று பிள்ளைகளைக் காருக்குள் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், குழந்தையின் உடம்பும் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும்.

பூங்கா, அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இந்த முறை பூங்கா போதும். மாலை நெரிசல் தொடங்குவதற்கு முன்பே கிளம்பும் ரயிலைப் பிடித்தால் சின்னவனுக்குப் படுக்கவும் இடம் கிடைக்கும்.