வாசலில் யாரோ விட்டுப்போன லேப்ரடார் கிடக்கிறது, எங்களால் வளர்க்க முடியாது, கேட்பவர்களிடம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் இன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நாளாக வாசல் கேட் பக்கத்திலேயே படுத்திருக்கிறது, வாடகை வீடு, தெருவில் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருடத்துக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். பல்லாவரம் பக்கம் மாடிப் போர்ஷன், கீழே ஹவுஸ் ஓனர். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க சார்" என்றார். நான் வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், அது தொலைந்த நாயா, விட்டுப்போன நாயா என்று பாருங்கள். தீபாவளி சமயமாக இருந்தால் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு நாலைந்து கிலோமீட்டர் ஓடிவந்த நாயாகவும் இருக்கலாம். டீக்கடை, இஸ்திரி வண்டி, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், இந்த மூன்று இடத்தில் விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும். டாக்டரிடம் கொண்டுபோகும்போது தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள், சென்னையில் இப்போது அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். "என் நாய்தான்" என்று யாராவது வந்தால் போனில் பழைய போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள். நாய் வளர்ப்பவன் போனில் நாய் படம் இல்லாமல் இருக்கவே இருக்காது.

எங்களுக்கு வந்தது ஒரு பெண் நாய். வயது நாலு இருக்கும் என்று பார்த்த டாக்டர் பிறகு சொன்னார். காம்பெல்லாம் தொங்கிப்போய் இருந்தது, குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்த உடம்பு. அது எங்களுக்கு அப்போது புரியவில்லை, குண்டாக இருக்கிறது என்றுதான் நினைத்தோம். படிக்கட்டு ஏறத் தெரியவில்லை, முதல் படியில் முன்னங்காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது, நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். ராத்திரி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கியது. மறுநாள் காலை என் மனைவி வீடு பெருக்கத் துடைப்பத்தை எடுத்ததும் தரையோடு தரையாகப் படுத்து அங்கேயே மூத்திரம் விட்டுவிட்டது. காது மடலைத் திருப்பினால் உள்ளே கொத்துக்கொத்தாக உண்ணி, கால்விரல் இடுக்கில் காராமணிப் பயறு சைஸில் ரத்தம் குடித்து ஊதிப்போனவை.

இத்தனையையும் பார்த்த பிறகும் நான் டாக்டரிடம் போகவில்லை. எடுத்துக்கொள்பவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். வாட்ஸப்பிலும் பேஸ்புக் குரூப்பிலும் "லேப்ரடார், பெண், இலவசம்" என்று போட்டோவோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் முப்பது போன். யாரும் நாய்க்கு என்ன பெயர், கடிக்குமா, என்ன சாப்பிடும் என்று கேட்கவில்லை. "பேப்பர் இருக்கா?", "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு?", "கிராஸ் பண்ணிருக்காங்களா?" இதுதான். ஹீட் என்றால் பெண் நாய் இணைசேரும் பருவம், அப்போது ரத்தம் சொட்டும். ஒரே ஒருவர் மட்டும் மரியாதையாகப் பேசினார். "தோட்டம் இருக்கு சார், நல்லா ஓடி வெளையாடும்" என்றார். காரில் வந்தார், பின்சீட்டில் போர்வை விரித்திருந்தார். அந்தப் போர்வையைப் பார்த்து ஏமாந்தேன் என்று இப்போதும் என் மனைவி சொல்லிக்காட்டுவாள்.

மனசு கேட்காமல் பன்னிரண்டாவது நாள் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். தோட்டம் இருந்தது, பொய் இல்லை. தென்னைமரத்தில் மூன்றடிச் சங்கிலி. சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள் புல்லே இல்லாமல் மண் தேய்ந்திருந்தது, தண்ணீர்ச் சட்டி காய்ந்து கவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டக்கூட இல்லை, வெறுமனே எழுந்து நின்றது. நின்ற இடத்தில் ரத்தச் சொட்டு. "ஹீட்டுக்கு வந்துருச்சு சார், இந்த வாரம் ஆண் நாய் கொண்டாரச் சொல்லிருக்கேன்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். சண்டை போட்டுத்தான் திரும்பக் கூட்டிவந்தேன், வழிநெடுக வசவு. ஓசியில் கொடுத்துவிட்டு உரிமை கொண்டாடுகிறேனாம்.

நேராக மாட்டாஸ்பத்திரி. டாக்டர் வாலைத் தூக்கிப் பார்த்ததும் "இது ஹீட் இல்லைங்க" என்றார். உள்ளே காலிஃபிளவர் மாதிரி ஒரு சதை. TVT என்கிறார்கள், இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் புற்றுச்செல்லே நேரடியாக ஒட்டிக்கொள்கிற வகைப் புற்றுநோய். மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம். நம் ஊர்த் தெருநாய்களிடம் சகஜம். அந்த வாரம் அந்த ஆண் நாய் வந்திருந்தால் அதற்கும் போயிருக்கும். பெயரைக் கேட்டுப் பதறிவிட்டேன், ஆனால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிற நோய்தானாம். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றினார்கள், ஐந்து வாரத்தில் சதை சுருங்கி மறைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் இருந்தது, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன, அதற்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள். இரண்டு நாளில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன், டாக்டர் முறைத்தார். மொத்தம் 11,000 ரூபாய் சொச்சம் ஆனது. வளர்ப்பு மிருகத்தைக் கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டீ, இரண்டு வடை.

ஹவுஸ் ஓனரிடம் டாக்டர் சீட்டைக் காட்டி இரண்டு மாசம் கேட்டேன். மாடியை விட்டு இறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். நேரில் போய் உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

மருந்தெல்லாம் முடிந்து உடம்பு தேறியதும் ஊசிகளைப் போட்டு, கருத்தடை ஆபரேஷனும் செய்த பிறகுதான் மறுபடி விளம்பரம் போட்டேன். அதே போட்டோ, அதே குரூப், கூடவே "கருத்தடை செய்யப்பட்டது" என்ற இரண்டு வார்த்தை. முப்பது போன் வந்த இடத்தில் நாலு போன் வந்தது. குட்டி வியாபாரிகளைக் கழித்துவிட இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆண் நாயாக இருந்தாலும் இதையே செய்யுங்கள், இணைசேர்க்க ஸ்டட் என்று வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நாலு பேரிடமும் நான் கேட்டது: சொந்த வீடா, வாடகை என்றால் ஓனருக்குத் தெரியுமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், நாய் எங்கே தூங்கும், எல்லோருமாக ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவர் "அட, அது பாட்டுக்குக் கெடக்கும் சார்" என்றார், அவருக்கு அங்கேயே நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு வீட்டில் பையனுக்கு ஆசை, அம்மாவுக்கு இஷ்டமில்லை. இது மூன்று மாதத்தில் திரும்பி வரும் என்று எழுதியே கொடுத்துவிடலாம். குரோம்பேட்டையில் ஓர் அம்மா, ரிட்டயர்டு டீச்சர், அவர் என்னிடம் திருப்பிக் கேட்டது "ராத்திரி புது எடத்துல பயப்படுமா தம்பி, லைட்டு போட்டு வெக்கட்டுமா?" என்று. அதற்கப்புறம் நான் வேறு யாரிடமும் பேசவில்லை. நாயை நானே கொண்டுபோய் விட்டேன், வீட்டைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது என்று அந்தத் தோட்டம் கற்றுக்கொடுத்திருந்தது. வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து: முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், வேறு கை மாறக் கூடாது. கோர்ட்டில் நிற்குமா என்று கேட்காதீர்கள், கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்று தெரிந்துவிடும், அது போதும்.

காப்பகத்தில் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் உட்பட நம் ஊரில் நல்ல இடங்கள் இருக்கின்றன, அடிபட்ட நாய் என்றால் நானே அங்கேதான் அழைப்பேன். ஆனால் எந்தக் காப்பகமும் நிரம்பித்தான் வழிகிறது, வீட்டில் வளர்ந்த நாய் அந்தக் கூட்டத்தில் சோறு தின்னாமல் சுருண்டுவிடும். மாநகராட்சி வண்டி பிடித்தால் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே தெருவில் விடுவார்கள், விதியே அதுதான். தெருநாய்க்கு அது சரி. லேப்ரடாரை மற்ற நாய்கள் ஏரியாவுக்குள் சேர்க்காது, அதற்கு லாரிக்கு ஒதுங்கவும் தெரியாது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர் வையுங்கள், தயிர்சாதம் கொஞ்சம் கொஞ்சமாக, வெங்காயம் போட்டது எதுவும் வேண்டாம். முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், அதுவாக வரும். உங்கள் வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் ஒட்டிக்கொண்டால் தாங்காது. உடம்பு சுடுகிறதே என்று நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள், "வீட்டு நாய்தானே" என்று விட வேண்டாம், அதன் ஊசிக் கணக்கு உங்களுக்குத் தெரியாது.

அப்புறம், ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவே இல்லை. பெண் என்றால் அது எழுந்துபோன இடத்தில் நாளைக் காலை தரையைப் பாருங்கள். சொட்டு இருந்தால் யார் "ஹீட்" என்று சொன்னாலும் கேட்காமல் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.