25 எபிசோடு முடிந்தும் சொல்லவில்லையே? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'கிமி நி தொதோகே' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்த்தேன். முதல் சீசன் 25 எபிசோடும் முடித்துவிட்டேன். தோழிகள் வருகிற இடமெல்லாம் ரொம்பப் பிடித்தது. ஆனால் இத்தனை எபிசோடு கழித்தும் இருவரும் காதலைச் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஹாஸ்டலில் கூடவே பார்த்த நண்பன் பாதியில் எழுந்து போய்விட்டான். ஒரு பெண் இவ்வளவு அப்பாவியாக இருப்பாளா? இதை எப்படிக் காதல் கதை என்கிறீர்கள்? இரண்டாம் சீசன் பார்க்கலாமா?

*

அன்புள்ள தம்பி,

காதலைச் சொல்லக் கதாநாயகி சவாகோ இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறாளே என்பது உங்கள் வருத்தம். ஆனால் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசைப்படவே அவளுக்கு அத்தனை காலம் ஆகிறது. காதல் அதற்கு அப்புறம்தான்.

அவள் எங்கிருந்து தொடங்குகிறாள் என்று பாருங்கள். நீளமான கருப்பு முடி, வெளிறிய முகம், அதனால் 'ரிங்' என்ற ஜப்பானியப் பேய்ப் படத்துப் பேயின் பெயரைச் சொல்லி 'சதாகோ' என்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் சாபம் என்று புரளி வேறு. சவாகோ என்ற பெயரின் முதல் எழுத்துக்குப் புத்துணர்ச்சி, இதம் என்று பொருள், அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வகுப்பில் ஆளில்லை, அவள் மனதில் இருக்கிற கசேஹயாவைத் தவிர. இதற்கெல்லாம் அவளுக்குக் கோபமே வருவதில்லை. கோடை விடுமுறைக்கு முன் இரவில் பயமுறுத்தும் விளையாட்டு ஒன்று வைக்கிறார்களே, அதில் பேயாக நிற்க அவளே முன்வருகிறாள், தன்னாலும் நாலு பேருக்கு உபயோகம் என்று அவ்வளவு சந்தோஷம். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. இதை அப்பாவித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பல வருஷம் யாரும் பக்கத்தில் உட்காராத பிள்ளை கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லப் பழகிவிடும், தன் பங்கைக் கேட்கத் தெரியாது.

அதனால்தான் முதல் ஆறு எபிசோடு நட்புக்கே போகிறது. வகுப்புத் தோழிகள் சிஸு, அயானே இருவரையும் பற்றி அசிங்கமான வதந்தி, அதைப் பரப்பியதே சவாகோதான் என்று இன்னொரு வதந்தி. தன்னோடு சேர்ந்தால் அவர்கள் பெயர் கெடும் என்று இவள் விலகிப் போகிறாள். அப்புறம் அந்தக் கழிவறைக் காட்சி. சில பெண்கள் தோழிகளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது காதில் விழுகிறது, இவள் நேரே போய் நின்று, சொன்னதைத் திரும்பப் பெறுங்கள் என்கிறாள். தன்னைப் பேய் என்றபோதெல்லாம் பேசாமல் இருந்தவள்! சவாகோவுக்குக் குரல் கொடுத்த நோதோ மாமிகோவின் குரல் எப்போதும் கிசுகிசுப்பு மாதிரிதான் இருக்கும், இங்கே அந்தக் குரல் நடுங்குகிறது, ஆனால் பின்வாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நட்பு என்பது அனுமதி கேட்டு வருவதில்லை, நமக்குத் தெரிவதற்குள்ளேயே ஆகியிருப்பது என்று தோழிகள் அவளுக்குப் புரியவைக்கிறார்கள்.

இப்போது கசேஹயாவை விரும்பும் இன்னொரு பெண், குருமி விஷயத்துக்கு வாருங்கள். வதந்திகளுக்குப் பின்னால் இருந்தவள் என்பதால் அவளை வில்லி என்று தள்ளிவிடாதீர்கள். உமே என்ற தன் பெயர் அவளுக்குப் பிடிக்காது, குருமிசாவா என்ற குடும்பப் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டவள். ஒருத்திக்கு ஊர் பெயரை மாற்றியது, இன்னொருத்தி தன் பெயரைத் தானே மறைக்கிறாள். மூலக் கதையை எழுதி வரைந்த ஷீனா கருஹோ இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். கசேஹயாவைத் தனக்குச் சேர்த்துவைக்க உதவச் சொல்லி சவாகோவிடமே கேட்கிறாள் குருமி. சவாகோவோ யார் எதைக் கேட்டாலும் செய்துகொடுப்பவள், நோட்டு கேட்டால் நோட்டு, வேலை சொன்னால் வேலை. அவள் முடியாது என்கிறாள்.

என்னைக் கேட்டால் அவள் காதலைச் சொன்னது அங்கேதான். அவனிடம் சொல்லவில்லை, சரி. தனக்கே சொல்லிக்கொண்டாள். மற்ற பையன்களிடமும் பேசிப் பார், உனக்கு வந்திருப்பது மரியாதையா பிரியமா என்று தெரியும் என்று குருமி கிளப்பிவிட்ட கேள்விக்கு, அவள் நேர்மையாகப் பேசியே பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். தனக்குக் குழி தோண்டியவளின் கேள்வியைக்கூட இவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொள்ளும் பெண்ணை நான் வேறு எந்தப் பள்ளிக்கூடக் காதல் கதையிலும் பார்த்ததில்லை.

கசேஹயாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பையன். இடம் மாற்றும் நாளில் அவள் பக்கத்துப் பெஞ்சுக்கு வர மற்றவர்கள் தயங்கும்போது தானே வந்து உட்கார்ந்தானே, அது போதும்.

இரண்டாம் சீசன் தாராளமாகப் பாருங்கள். 2011இல் வந்தது, 12 எபிசோடுதான். காதலர் தினச் சாக்லேட்டில் தொடங்குகிறது, அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். நடுவில் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டே போவது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது, விட்டுவிடாதீர்கள். 13 வருஷம் கழித்து 2024இல் மூன்றாவதும் வந்திருக்கிறது.

அப்புறம், நண்பரையும் மறுபடி கூப்பிடுங்கள். முதலிலிருந்து வேண்டாம், அந்தக் கழிவறைக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா