நெல் ஏன் இவ்வளவு உயரம்?

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில், நான்காம் வகுப்பு படிக்கும் மகளைச் செங்கல்பட்டு பக்கம் ஓர் இயற்கை விவசாயப் பண்ணைக்கு அழைத்துப்போனேன். நாற்று நட்டாள், சாணம், கோமியம், வெல்லம் சேர்த்த அமிர்தக்கரைசல் கலக்கினாள். அறுவடைக்கு நின்ற காட்டுயானம் நெல்லைப் பார்த்து, “ஏம்மா என்னைவிட உயரமா இருக்கு?” என்றாள். பாரம்பரிய நெல் சத்தானது, அதனால்தான் என்றேன். ஆளுக்கு 600 ரூபாய் வாங்கினார்கள், அதிகமோ? அவள் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ர., சென்னை

அன்புள்ள ர.,

கட்டணத்தை விடுங்கள். பிள்ளையைச் சேற்றில் இறக்கிவிட்டீர்களே, அதுவே எனக்கு நிறைவு. ஆனால் நீங்கள் சொன்னது ஒரு பதிலா அம்மா? சத்துக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? அவள் கேட்டது பெரிய கேள்வி. அரிசிப் பையில் அச்சடித்திருப்பதை அவளிடம் ஒப்பித்துவிட்டீர்கள்.

நெட்டை நெல் என்றால் வைக்கோல் நிறைய. மாட்டுக்குத் தீனி, கூரைக்கு வேய்ச்சல். பள்ளத்து வயலில் தண்ணீர் ஏறினாலும் கதிர் மூழ்காது. அதற்கு யூரியாவை அள்ளிப் போட்டால் மேலும் வளர்ந்து, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். உரத்தைத் தின்றும் சாயாமல் நிற்கத்தான் குட்டை ரகம் உண்டாக்கினார்கள். 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 என்ற குட்டை நெல் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு உலையும் அதில் கொதித்ததுதான்.

ஆனால் அந்த நெல் வந்த வருடம் தாத்தா களத்தில் பிரி, அதாவது கட்டுக் கட்டும் வைக்கோல் கயிறு, திரிக்க உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வைக்கோலை நனைத்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி முறுக்குவார். நாலு முறுக்கில் அந்தக் குட்டை வைக்கோல் தாள் தீர்ந்துவிடும். அடுத்த பிடியைச் சேர்ப்பதற்குள் முறுக்கு அவிழ்ந்துகொள்ளும். “இதை வச்சு ஒரு கட்டுகூடக் கட்ட முடியாதுடா” என்று எழுந்துபோய், மேலத்தெருவில் ஒருவரிடம் பழைய சம்பாத் தாள் நாலு பிடி கேட்டு வாங்கி வந்தார். வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். அப்புறம் பிரி மட்டுமா போனது? மாட்டுக்கு வைக்கோல் பத்தவில்லை, கூரை ஓடானது, உழவு மாடும் ஒருநாள் சந்தைக்குப் போனது. ஒரு பயிரின் உயரத்தோடு இத்தனையும் கட்டியிருந்தது. பண்ணையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல், கரைசலை மட்டும் கலக்கச் சொன்னால் எப்படி?

காட்டுயானம் கிட்டத்தட்ட 180 நாள் பயிர். நீங்கள் பார்த்தது அதில் ஒரு நாள். மகள் நட்ட நவரைப் பருவத்து நெல் சித்திரை வாக்கில் அறுப்புக்கு வரும். மறுபடி கூட்டிப்போங்கள். அதில் ஒரு பிடி தாளும், அவர்கள் எடுத்துவைத்திருக்கும் காட்டுயானத் தாளில் ஒரு பிடியும் கேட்டு வாங்கி, இரண்டிலும் அவளையே பிரி திரிக்கச் சொல்லுங்கள். முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தாள் ஒடியும்.