போர்வெல் தண்ணீரால் குழாய், டைல்ஸ், கண்ணாடி எல்லாம் வெள்ளைக் கறை. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

ஊற்றாதீர்கள். பாத்ரூம் கழுவ பாட்டிலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான் ஆசிட் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அது கறையை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடும், மறுக்கவில்லை. கூடவே டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் சிமெண்டையும் கரைக்கும். குரோம் பூச்சை அரிக்கும். மூடிய பாத்ரூமில் அதன் புகை பட்டாலே ஸ்டீல் கொக்கி, கீல், திருகு எல்லாம் துரு ஏறும். "வருஷக்கணக்கா ஊத்துறோம், ஒண்ணும் ஆகலையே" என்று கமெண்டில் சொல்ல வருகிறவர்கள், தங்கள் வீட்டு டைல்ஸ் இடுக்கை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருக்கும். அங்கே இறங்கும் தண்ணீர்தான் பிறகு கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரிகிறது.

அந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க வலுவான அமிலம் தேவையில்லை. மென்மையான அமிலம் போதும், ஆனால் அது கறையோடு ஒட்டி நிற்க நேரம் கொடுக்க வேண்டும். தெளித்தவுடனே தேய்ப்பதால்தான் பலருக்கும் பலன் கிடைப்பதில்லை.

மளிகைக் கடையில் லெமன் சால்ட், எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வாங்குங்கள். வினிகரைப் பரிந்துரைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். 100 கிராம் உப்புப்படிவைக் கரைக்க 4 சதவீத வினிகர் ஏறத்தாழ 3 லிட்டர் வேண்டும். சிட்ரிக் அமிலம் 140 கிராம் போதும், வாடையும் கிடையாது. ஆனால் வினிகரோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை வரும், கறை அப்படியே இருக்கும்.

குழாய்க்கு: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். காயாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். 20 நிமிஷம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். தடிமனாக இருந்தால் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒரே முறையில் ராத்திரி முழுக்கக் கட்டி வைக்காதீர்கள், பூச்சில் எங்காவது கீறல் இருந்தால் அந்த வழியாக உள்ளே இருக்கும் பித்தளையைப் பிடிக்கும். தண்ணீர் குறைவாக வந்தால் குழாய் முனையில் இருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றி இதே கரைசலில் போடுங்கள். ஷவர் ஓட்டைகளைப் பல் குச்சியால் குத்துங்கள், ஊசியால் வேண்டாம். ஓட்டை பெரிதாகித் தண்ணீர் கோணலாகப் பீச்சும்.

கண்ணாடியில் இதே கரைசலைத் தெளித்து 10 நிமிஷம் விட்டு, ஈரமாக இருக்கும்போதே புது பிளேடைச் சாய்த்து வைத்துச் சுரண்டலாம். காய்ந்த கண்ணாடியில் பிளேடு கோடு போடும். இரண்டு முறை செய்தும் மங்கல் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது; பாலிஷ்தான் வழி.

சமையலறை மேடை கடப்பா கல்லா, மார்பிளா? அப்படியானால் மேலே சொன்னது எதையும் அதில் படவிடாதீர்கள். கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை, மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். எந்த அமிலம் கறையைக் கரைக்கிறதோ அதே அமிலம் கல்லையும் கரைக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே பளபளப்பு போய் வெளிறிவிடும். சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் சுரண்டியும் மட்டும்தான்.

கறை மஞ்சளாக, செம்மண் நிறத்தில் இருந்தால் அது இரும்பு. பிளீச்சிங் பவுடர் அதை இன்னும் அழுத்தமாகப் பதிய வைக்கும். இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: எந்த அமிலத்தையும், லெமன் சால்ட் உட்பட, பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். முந்தின நாள் பிளீச்சிங் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிவிட்ட பிறகே அமிலம்.

வாஷிங் மெஷினில் துணியும் பவுடரும் இல்லாமல், 100 கிராம் லெமன் சால்ட் போட்டு 60 டிகிரியில் ஒரு முறை ஓட்டுங்கள். கெட்டிலுக்கு 1 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. சூடானதும் நிறுத்தி அரைமணி விடுங்கள், கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகவே கரையும், வெள்ளைத் தூளாக மறுபடி அடியில் தங்கும்.

இனி வராமல் தடுப்பது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு தங்குகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை (அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்பு) உள்ள தண்ணீர் 1000 லிட்டர் டேங்கில் இருந்தால், அதற்குள் 600 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கிறது. குளித்து முடித்ததும் சுவரையும் கண்ணாடியையும் ஒரு வைப்பரால் இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். கீசரை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்; சூடு ஏற ஏறப் படிவு வேகமாகச் சேரும்.

கடினத்தன்மையைக் குறைக்கும் மெஷினான சாஃப்ட்னர் போடுவதற்கு முன், சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு அளக்கும் கிட்டால் கடினத்தன்மையை அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி மெஷின் விற்கிறார்கள். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், கால்சியத்தைத் தனியாகச் சொல்லாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது; அதனால் நன்றாக வேலை செய்தாலும் டி.டி.எஸ். குறையாது. துளிக்கறையும் விழும், ஆனால் ஈரத்துணிக்கே போய்விடும். பல அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் இருந்தும் கறை படிவதற்குக் காரணம், கால்சியத்தைப் பிடித்துவைக்க உள்ளே இருக்கும் ரெசின் மணிகளை உப்புக் கரைசலால் காலாகாலத்தில் கழுவாமல் விடுவது. உப்பு மூட்டைக் காசை மிச்சம் பிடித்துவிட்டு கீசரை மாற்றுகிறார்கள்.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மழைநீரில் கடினத்தன்மை ஏறக்குறைய கிடையாது. அது நிலத்தில் இறங்கினால் போர்வெல் தண்ணீரின் உப்பு நீர்த்துப்போக வழியுண்டு. அந்தக் குழியைக் கார் நிறுத்தக் காங்கிரீட் போட்டு மூடிய வீடுகள் எத்தனை! உங்கள் வீட்டில் குழி இருந்தால் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி, ஐப்பசி மழைக்கு முன் திரும்பப் போடுங்கள். சாஃப்ட்னர் கழுவிய உப்புத் தண்ணீரை மட்டும் அதற்குள் விடாதீர்கள், அது சாக்கடைக் குழாய்க்குப் போகட்டும்.