வேவ்மேக்கருக்கு ஏற்ற சுழற்சிப் பம்பு எது?

புதுச்சேரியில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நீங்கள், கைவசமுள்ள சாதாரண ஏசி பம்புகளையே, தொட்டி நீரில் அலைபோன்ற ஓட்டத்தை உண்டாக்கும் வேவ்மேக்கரின் கன்ட்ரோலரில் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் பம்பும் அதற்கு ஒத்துவராது. கன்ட்ரோலர் சில விநாடிகளுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுப்பதால், இடைவிடாமல் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பம்பின் காந்தச் சுழலி ஒவ்வொரு தொடக்கத்திலும் முன்னும் பின்னும் உதறி, 'டக்' என்ற ஓசையுடன் கிளம்பும். நாளடைவில் அதன் அச்சும் இறக்கையும் தேய்ந்துவிடும். ஆகவே, அடிக்கடி நின்று ஓடுவதைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் பம்பையோ, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிசி பம்பையோ வாங்குங்கள். என் தேர்வு டிசி பம்புதான்; பேட்டரியில் ஓடக்கூடிய வகையாகப் பார்த்து வாங்கினால், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூரும் புதுச்சேரியும் பல நாள் இருளில் கிடந்ததைப் போன்ற வேளையில் மீன்களுக்கு மூச்சு நிற்காது.

மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் 20 மடங்கு, அதாவது 4,000 லிட்டர் ஓட்டம் போதுமானது. அதை ஒரே பம்பில் பெறாமல், எதிரெதிர் மூலைகளில் இரண்டாகப் பிரித்து வையுங்கள். மெல்லிய தாரையாகப் பீய்ச்சும் பம்பைவிட, அகன்ற ஓட்டம் தரும் புரொப்பெல்லர் வகையே பவளங்களுக்கு இதமானது. வெளிநாட்டிலிருந்து வருவிப்பதானால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப்பிலிருந்து, அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் துணைத்தொட்டியிலிருந்து, நீரேற்றும் பம்பை மட்டும் கன்ட்ரோலரில் இணைக்கவே வேண்டாம்.