மின்காந்த அலைகளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: அன்றாட வாழ்வில் மின்காந்த அலைகள் எங்கெல்லாம் பயன்படுகின்றன? செல்போன், வைஃபை, மைக்ரோவேவ் ஓவன், ஸ்கேன் எல்லாமே உடலுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், புற ஊதா, எக்ஸ்ரே, காமா எல்லாம் ஒரே குடும்பம். வித்தியாசம் அதிர்வெண்ணில்தான். அதிர்வெண் ஏற ஏற ஒவ்வொரு ஃபோட்டானும் (அலையின் ஆற்றல் வரும் சின்னஞ்சிறு பொட்டலம்) சுமந்து வரும் ஆற்றலும் ஏறும். ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். மைக்ரோவேவ் ஃபோட்டானிடம் இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்டவை எத்தனை கோடி சேர்ந்து வந்தாலும் சூடு ஏறும், அவ்வளவுதான். எக்ஸ்ரே, காமா கதிர்களின் ஒரே ஒரு ஃபோட்டானுக்கே டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் சக்தி உண்டு. 'கதிர்வீச்சு' என்று கேட்டதும் பதறாமல், எந்த அதிர்வெண், எவ்வளவு சக்தி என்று முதலில் கேட்க வேண்டும்.

பயன்களைப் பட்டியல் போட்டால் முடியாது. ஜிபிஎஸ் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ரேடியோ அலை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் விரல் வழியே செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. டிவி ரிமோட் அகச்சிவப்பு. அதன் முனையை போன் கேமராவுக்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மினுக்கும். சில போன்களின் பின் கேமராவில் வடிகட்டி இருப்பதால் தெரியாது. முன் கேமராவில் முயலுங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்று நான் பார்ப்பதே இப்படித்தான்.

சரி, மைக்ரோவேவ் ஓவனுக்கு வருவோம். 1945 வாக்கில் ராடாருக்கான மேக்னட்ரான் (மைக்ரோவேவை உண்டாக்கும் குழாய்) அருகே நின்ற பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளரின் சட்டைப் பையில் சாக்லேட் உருகியதிலிருந்து வந்த சாதனம் இது. அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு பெரிய அலை அந்தச் சின்ன ஓட்டையில் நுழைய முடியாது; வெளிச்சத்தின் அலைநீளம் மிக மிகச் சிறியது என்பதால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிகிறது. கதவைத் திறந்ததும் மேக்னட்ரான் நின்றுவிடும். உணவில் எந்தக் கதிர்வீச்சும் தங்காது.

இணையத்தில் ஒரு சோதனை சுற்றுகிறது: போனை ஓவனுக்குள் வைத்து மூடி (ஓவனை இயக்காமல்தான்!) கால் செய்யுங்கள், மணி அடித்தால் ஓவன் கசிகிறது என்று. இதை நம்பி நல்ல ஓவனைத் தூக்கிப்போட்டவர்களும் உண்டு. ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு சிக்னல் வந்தாலே போனுக்குப் போதும். ஓவனின் கசிவு வரம்போ, 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கதவு கோணியிருந்தாலோ, கொக்கி உடைந்திருந்தாலோ, வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ பயன்படுத்தாதீர்கள். என்னைக் கேட்டால் ஓவனில் பயப்பட வேண்டிய பொருள் அலையே அல்ல, பின்னால் இருக்கும் கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்து ஓவனைக் கழற்றும் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

செல்போனும் டவரும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று போதாது' என்பதுதான் அதன் பொருள். செய்தித் தலைப்புகளில் பின்பாதி காணாமல் போய்விட்டது. டவரைக் கண்டு மிரள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. டவர் தொலைவில் இருந்து சிக்னல் குறையும்போது, காதை ஒட்டியிருக்கும் போன் தன் சக்தியைக் கூட்டித்தான் பேசும். தயக்கமாக இருந்தால் ஹெட்செட்டோ ஸ்பீக்கரோ போடுங்கள். தூரம் கூடும்போது அலையின் வலு வேகமாகக் குறையும். டவரில் ஏறி ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் வேலை செய்பவர்களின் நிலை வேறு, அங்கே உடல் திசு சூடாகும் ஆபத்து உண்மையானது.

இத்தனை பேர் வைஃபைக்குப் பயப்படும்போது, வெயிலுக்குப் பயப்படுபவர் யாரையும் காணோம். அதே முகமை சூரியக் கதிர்வீச்சை 1992-லேயே முதல் பிரிவில், அதாவது உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் வரிசையில் வைத்துவிட்டது. புற ஊதா ஃபோட்டான் எலெக்ட்ரானைப் பிய்க்காவிட்டாலும் டிஎன்ஏவின் வேதிப் பிணைப்புகளை நேரடியாகக் குலைக்கும். வெல்டிங் சுடரிலும் இதே புற ஊதாதான். கண்ணாடி போடாமல் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி, நீர் கொட்டி, விளக்கு வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போகும். தண்ணீர் சுத்திகரிப்பான்களில் கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்கும் இதைச் செய்யும். எரிகிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஸ்கேன். எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலி, மின்காந்த அலையே அல்ல. எம்ஆர்ஐயில் காந்தமும் ரேடியோ அலையும்தான். எக்ஸ்ரேயும் சிடியும் அயனியாக்கும் வகை, அதாவது எலெக்ட்ரானைப் பிய்த்தெடுப்பவை. மண், காற்று, விண்வெளியிலிருந்து நமக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.1. வயிற்று சிடி ஸ்கேன் அதைப்போலப் பல மடங்கு, 8 மில்லிசீவர்ட் அளவில். மருத்துவர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். 'எதற்கும் ஒரு சிடி எடுத்துப் பார்த்துவிடுவோமே' என்று நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், சில சமயம் புதிதாக எடுக்கவே தேவை இருக்காது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.